பிள்ளைகளை மறக்காத அப்பா

மார்ச் 4

சின்னவளுக்கு,

பேனா பிடித்து எத்தனையோ காலம் ஆயிற்று. எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். மெயில் போட்டால், "எழுதினதைப் பிறகு திருத்துகிற பழக்கம் உனக்கு உண்டு, காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்று பதில் வருகிறது. ராணியம்மா உத்தரவு. எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். நாம் இரண்டு பேரும் மாடி அறையில் உட்கார்ந்து எழுதின நம் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் மொழியில்தான் இன்றைக்குப் பாதி ஆஸ்பத்திரிகளின் மணிப் பலகைகள் ஓடுகின்றன. படுக்கையில் இருக்கிறவர் மணியை அழுத்தினால் நர்ஸுகள் இருக்கிற இடத்தில் பலகையில் படுக்கை எண் வர வேண்டும். போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் பலகை உறைந்துவிட்டது. ஒரு கிழவர் தண்ணீருக்காக அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் வரவில்லை. தானே எழுந்து போய் விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது.

பார்த்தால் மெமரி நிரம்பியிருக்கிறது. வேலை முடிந்த பொருள்களைக் கண்டுபிடித்து மெமரியிலிருந்து தள்ளுவது கார்பேஜ் கலெக்டர். நீதான் அதற்குத் 'துடைப்பம்' என்று பெயர் வைத்தாய். அதில் ஒரு வரிகூட என் கை பட்டதில்லை, ஊருக்கே தெரியும்.

நம் நிறுவனத்தை வாங்க வருகிறவர்கள் ஏப்ரல் கடைசியில் வருகிறார்கள். தவறு யாருடையது என்று கேட்கிறார்கள். இத்துடன் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். 'கோளாறு நான் எழுதிய பகுதியில்தான், அதைத் தூக்கிவிட்டு வேறு எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை' என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீயாக விலகிப் போனவள். வெளியே நிற்கிறவளுக்கு இதில் என்ன போய்விடப் போகிறது?

அம்மா சுகம்.

பெரியவன்

●

மார்ச் 11

அண்ணாவுக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ கூடத்தைக் கட்டினவளையே கோணல் என்கிறாய்.

துடைப்பம் என்ன செய்யும் என்பதை உனக்கு மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மேடையில் பேசுகிறவனுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பது மறந்துபோவது சகஜம். அது வேர்ப் பட்டியலில், அதாவது எப்போதும் இருந்தே ஆக வேண்டியவை என்று நாம் குறித்து வைத்தவற்றில் ஆரம்பிக்கும். அங்கே இருக்கிறவர்கள் யாரைப் பிடித்திருக்கிறார்கள், அவர்கள் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று தொட்டுக்கொண்டே போகும். தொட்டதற்கெல்லாம் ஒரு புள்ளி வைக்கும். கடைசியில் புள்ளி இல்லாததை எல்லாம் பெருக்கித் தள்ளும். இது நல்லதா கெட்டதா, வேண்டுமா வேண்டாமா என்று அதற்குத் தெரியாது. யாராவது பிடித்திருக்கிறார்களா, அது ஒன்றுதான் கேள்வி.

சில்லறை ஸ்கிரிப்டுகளில் இது தெரியாது. அவை கண் மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிடும், முடிந்ததும் மெமரி மொத்தமும் திரும்பிவிடும். பலகைகள் வாரக்கணக்காக ஓடுகிறவை. அவற்றில் மெமரி நிரம்புகிறது என்றால் எவனோ எதையோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். பிடித்திருப்பதை என் துடைப்பம் தொடாது. எவன் என்று தேடு.

அப்பாவிடம் முதன்முதலில் இதை விளக்கின நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சட்டையில் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அதை ஒரு வார்த்தை பேச விடுவியா? சாகப்போறவனுக்குக்கூட அந்த மரியாதை உண்டே." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் எழுதி வைத்தேன். நம் மொழியில் 'கடைசி வார்த்தை' வந்தது அப்படித்தான். எந்தப் பொருளுக்கும் அதைக் கட்டி வைக்கலாம், பெருக்கப்படுமுன் ஒரு வரியைத் திரையில் எழுதிவிட்டுப் போகும். வேறு எந்த மொழிக்காரனும் அதற்கு இவ்வளவு நல்ல பெயர் வைக்கவில்லை.

உன் பக்கத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். இங்கே ஒரு அச்சகத்துக்கு மேலே எனக்கு அறை. பகல் முழுக்கத் தரை அதிரும். ஒரு கூரியர் கம்பெனியில் அடுத்தவர்கள் கெடுத்து வைத்த புரோகிராமைச் சரிசெய்கிறேன். துடைப்பத்தை எழுதினவள் என்றுதான் வேலை கொடுத்தார்கள். எனக்கென்று இருப்பது அந்த ஒரு பெயர்.

'அம்மா சுகம்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஏன் யாரும் எடுப்பதில்லை? அவளோடு நான் பேச வேண்டும்.

சின்னவள்

●

மார்ச் 19

சின்னவளுக்கு,

போனை எடுக்க வீட்டில் யாரும் இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. குளிர்காலத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு தெளிவு. ஒரு நல்ல இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். ஜன்னல் பக்கத்துப் படுக்கை, தோட்டம் தெரியும். உனக்குச் சொல்லவில்லை என்று குதிக்காதே. தடுத்து வைத்த எண்ணுக்கு எப்படிச் சொல்வதாம்?

அங்கே ஒரு விதி உண்டு. பார்க்க வருகிறவர்கள் யார் யார் என்று பொறுப்பாளர் பெயர் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவரை வாசல் மேசையைத் தாண்ட விடமாட்டார்கள். பொறுப்பாளர் நான். இப்போதைக்குப் பட்டியலில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உன் பெயரைச் சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. நான் அனுப்பின பக்கமும் பெரிய காரியமில்லை. புரிகிறதல்லவா?

அம்மா உன்னைக் கேட்கிறாள். "சின்னவ ஏன் வரல?" என்கிறாள். அவளுக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்காகப் பொய் சொல்கிறேன், அதையும் கணக்கில் வை.

அப்பா கதையை வேறு இழுக்கிறாய். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீ. உட்கார்ந்து என்ன கண்டாய்? போய்விட்டார். நான் உட்காரவில்லை, ஆனால் அவரைச் சாகாமல் வைத்தேன். மொழியின் வேரிலேயே 'அப்பா' என்று ஒரு பொருளை வைத்தது யார்? எந்த ஊரில் நம் ஸ்கிரிப்ட் ஓடினாலும் முதலில் பிறக்கிறவர் அவர். பிறகு பிறக்கிற ஒவ்வொன்றும் அவர் பிள்ளை. 'பிள்ளைகளை மறக்காத அப்பா' என்று மேடையில் நான் சொன்னபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நிறையப் பேர் அழுதார்கள். நீ வரக்கூட இல்லை.

பக்கத்தின் இன்னொரு பிரதி இத்துடன். முதல் பிரதியைக் கிழித்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

பெரியவன்

●

மார்ச் 23

அண்ணாவுக்கு,

பக்கவாதம் வந்ததை மழை வந்ததைப் போல எழுதியிருக்கிறாய்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொய் என்று தெரிந்துதான் போட்டேன். அது பொய் என்று உனக்கும் தெரியும் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். என் பெயரைச் சேர்.

அதுவரைக்கும் நீ போகும்போது இவற்றையாவது கவனி. இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். தண்ணீர் வெதுவெதுப்பாக வேண்டும். முக்கியமாக ஒன்று, அம்மா மணி அடிக்கமாட்டாள். "அவங்களுக்கு ஆயிரம் வேலை, நாம வேற எதுக்கு?" என்று வறண்ட தொண்டையோடு படுத்திருப்பாள். யாராவது தானாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். நர்ஸுகளிடம் சொல்லி வை. தயவுசெய்து சொல்லி வை.

கூரியர் கம்பெனியில் சனிக்கிழமை விடுப்புச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் சேர்த்துவிடு அண்ணா.

சின்னவள்

●

ஏப்ரல் 8

சின்னவளுக்கு,

உன் பக்கம் வந்தது. நன்றி. நம் இணையதளத்தின் முகப்பிலேயே போட்டுவிட்டேன், பார்த்திருப்பாய். எல்லோரும் உன் நேர்மையைப் பாராட்டுகிறார்கள். உனக்கு இவ்வளவு நல்ல பெயர் எப்போதும் கிடைத்ததில்லை.

பெயர் சேர்க்கிற விஷயம் கொஞ்சம் தள்ளிப் போகிறது. வாங்க வருகிறவர்களுக்கான வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இல்லத்தின் பக்கமே என்னால் போக முடியவில்லை. நேரில் போய்த்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவசரம் என்ன? அம்மா எங்கே ஓடிவிடப் போகிறாள்?

இன்னொன்று. புதிதாக வேலைக்கு எடுத்திருக்கிற பெண் கெட்டிக்காரி. உன் துடைப்பத்தைத் தூக்கி வீசிவிட்டு வேறு எழுதிவிட்டாள். நேர்த்தியான வேலை. ஆனால் பலகைகளில் மெமரி முன்னைப் போலவே ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், நான் கூரையைப் பார்க்கிறேன். இரண்டு பலகைகள் மறுபடி உறைந்தன. நல்லவேளை யாரும் விழவில்லை.

நீ ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாயா? 'எவனோ பிடித்துக்கொண்டிருக்கிறான்' என்று எழுதினாயே, எவன்? மனசில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாயா? உதவினால் அந்தப் பட்டியல் வேலையும் சீக்கிரம் நடக்கும். யோசித்துப் பார்.

பெரியவன்

●

ஏப்ரல் 14

பெரியவனுக்கு,

அண்ணா என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

இல்லத்துக்குப் போனேன். உன் கடிதம் கைக்கு வருமுன்பே, உன் வாக்கை நம்பித்தான் சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். வாசல் மேசையில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்க பேர் இல்லையேம்மா" என்றாள். மகள் என்றேன். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றாள். அவள் மேல் தவறில்லை. யார் வந்து பார்க்கிறார்கள் என்று கேட்டேன். சேர்த்த நாளுக்குப் பிறகு ஒருவரும் வரவில்லையாம்.

கண்ணாடிக் கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. அம்மா சக்கர நாற்காலியில் இருந்தாள். எதிர்ச் சுவரில் நம் மணிப் பலகை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், மற்றவர்களுக்கு மணி அடிப்பதை. நான் கையசைத்தேன். கதவருகே யாரோ நிற்கிறார்கள் என்று அவளும் மரியாதைக்கு ஒரு கையைத் தூக்கினாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அவ்வளவு தூரம் தெரியாது. மூக்குக் கண்ணாடியைக்கூட வீட்டிலேயே விட்டுவிட்டாயா?

இப்படி வைத்திருப்பதற்கு நம் தொழிலில் என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். பட்டியலில் பிடித்து வைத்திருக்கிறாய். திரும்பிப் பார்ப்பதில்லை, யாருக்கும் விடுவதுமில்லை. அதற்கு மெமரி லீக் என்று பெயர்.

திங்கட்கிழமை கூரியர் கம்பெனி மேனேஜர் உன் முகப்புப் பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்தார். "இது நீங்களா?" என்றார். கையெழுத்து என்னுடையது. சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலை போனதில் நேரம் கிடைத்தது. உட்கார்ந்து நம் மொழியை அடியிலிருந்து பிரித்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டிருக்கிறவர் யார் என்று கேட்டாயல்லவா? அப்பா.

வேரில் நீ வைத்த அப்பா. பிள்ளைகள் அப்பாவைப் பிடித்திருந்தால் பாதகமில்லை. நீயோ அப்பாவின் கையில் பிள்ளைகள் பட்டியல் ஒன்றைக் கொடுத்தாய். புதிதாக ஒரு பொருள் பிறக்கும்போதெல்லாம் அதன் பெயரை அவர் எழுதிக்கொள்கிறார். அவர் வேரில் இருக்கிறார், அதனால் அவர் பிடித்திருக்கிற எதையும் எந்தத் துடைப்பமும் தொடாது. பலகையில் வந்துபோன ஒவ்வொரு நோயாளியும் அவர் கையிலேயே நிற்கிறார், வீட்டுக்குப் போனவர், செத்தவர் எல்லோரும். அன்றைக்கே உன்னிடம் சொன்னேன், அப்பா இருக்கட்டும், அந்தப் பட்டியல் வேண்டாம் என்று. எடுத்துவிட்டேன் என்றாய். யார் எதை மாற்றினார் என்று குறிக்கிற மாற்றப் பதிவிலும் 'பட்டியல் நீக்கப்பட்டது' என்று எழுதினாய். எடுக்கவில்லை. மண்டபத்தில் சொன்ன வாக்கியம் அழகாக இருந்தது, அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அந்த அழகான வாக்கியத்துக்குத்தான் அந்தக் கிழவரின் இடுப்பு முறிந்தது.

அப்பா படுத்திருந்தபோது நீ ஒரு தடவை வந்திருந்தால் போதும். முதலில் மீட்டிங் என்றாய், அப்புறம் வாடிக்கையாளர் என்றாய், அப்புறம் டிக்கெட் இல்லை என்றாய். போன பிறகு அவருக்கு வேரில் இடம் கொடுத்தாய். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சலம் கட்டினாற்போல.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளைகள் பட்டியலை மட்டும் எடு. உன் பெயரில் எடு, 'தவறு என்னுடையது' என்று பதிவில் எழுது. அப்பாவைத் தொடாதே. அவரை வேரில் வைக்கிற வரிதான் உன்னுடையது. அவரைப் பிறப்பிக்கிற வரிகள் என் பகுதியில், துடைப்பத்துக்கு அடுத்த கோப்பில் இருக்கின்றன. அங்கே நான் அவருக்கு ஒன்று கட்டி வைத்திருக்கிறேன். படிக்காமல் கை வைத்தால் பிறகு என்னைக் கேட்காதே.

என் பெயரைப் பட்டியலில் சேர். இது கடைசித் தடவை கேட்பது.

சின்னவள்

●

ஏப்ரல் 22

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அழுகிற இடங்களிலும்தான்.

நீ சொன்னது சரி, அப்பாதான் காரணம். ஆனால் 'தவறு என்னுடையது' என்று நான் எழுத வேண்டுமாம். வாங்க வருகிறவர்கள் வாசலில் நிற்கும்போது என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். உன் கையெழுத்தோடு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது, கோளாறு உன்னுடையது என்று. அப்படியானால் சரிசெய்கிறவளும் நீயாகத்தானே இருக்க வேண்டும்?

உன் பழைய கணக்கை இன்னும் மூடவில்லை. கடவுச்சொல்லும் மாற்றவில்லை, அதே பழைய பூனை பெயர். அதன் வழியாக நானே உட்கார்ந்து செய்து முடித்தேன். புதுப் பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை. பட்டியலை மட்டும் எடுப்பானேன்? வேரிலிருந்து அப்பாவையே எடுத்துவிட்டேன். மாற்றப் பதிவில் இப்படி இருக்கிறது: 'அப்பா நீக்கப்பட்டார். பயன் இல்லாத பொருள்.' கீழே உன் பெயர். இதை நான் திருத்தவே மாட்டேன், பயப்படாதே. நீ கட்டி வைத்த பூச்சாண்டியை எல்லாம் படிக்க எனக்கு நேரமில்லை.

மெமரி இப்போது ஒரே மட்டத்தில் நிற்கிறது. நாளை மறுநாள் எல்லாப் பலகைகளுக்கும் புதுப் பதிப்பு போகிறது.

நேற்று இல்லத்துக்கும் போன் செய்தேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்பாவை வேண்டாம்னு எடுத்துட்டாம்மா உன் பொண்ணு, பயன் இல்லாதவர்னு எழுதியிருக்கா" என்றேன். அப்படியே போனை நர்ஸிடம் கொடுத்துவிட்டாள்.

உன் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். போனிலேயே முடிந்துவிட்டது. நான் வாக்குத் தவறாதவன். மாலையில் பார்க்க விடுவார்கள். தாராளமாகப் போய் அம்மாவைப் பார்.

பெரியவன்

●

ஏப்ரல் 27

சின்னவளே,

எந்த வரி? எந்த வரியை எடுத்தால் நிற்கும்?

வந்தவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் பலகை முன்னால் நிறுத்தினேன். பலகையை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். மெமரி அழகாக நின்றது. துடைப்பம் முதல் சுற்றுப் பெருக்கியது. பலகையில் படுக்கை எண் வருகிற இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி வந்தது. மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி அதே வரி.

பெரியவன் வந்துட்டானா?

யார் இந்தப் பெரியவன் என்று அவர்கள் கேட்டார்கள். நர்ஸுகள் சிரித்தார்கள். எல்லா ஊரிலிருந்தும் போன் வருகிறது. காலையில் பலகை விழித்ததும் இதுதான் முதல் வரியாம், அடுத்த மணி அடிக்கும் வரைக்கும் நிற்கிறதாம். வந்தவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். புதுப் பெண் உன் கோப்பைத் திறந்து படித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உன் எண்ணுக்கு எத்தனை தடவை முயன்றேன் தெரியுமா?

ஒன்று மட்டும் சொல். இது நீயாகக் கட்டிய வரியா? அப்பா நிஜமாகவே அப்படிக் கேட்டாரா?

பெரியவன்

●

மே 3

பெரியவனுக்கு,

எந்த வரி என்பது ஏப்ரல் 14-ஆம் தேதிக் கடிதத்தில் இருக்கிறது. துடைப்பத்துக்கு அடுத்த கோப்பு. காகிதத்தில் இருப்பதால் அது மாறியிருக்காது. வேரிலிருந்து எடுத்தாய், பிறப்பிக்கிற வரிகளை விட்டுவிட்டாய். அதனால் ஒவ்வொரு பலகையிலும் அப்பா பிறக்கிறார், பிடித்துக்கொள்ள யாருமில்லை, முதல் பெருக்கலிலேயே போகிறார். போகுமுன் கடைசி வார்த்தையைச் சொல்கிறார். நீ அவரை மேடையில் ஏற்றின வாரம் நான் அதைக் கட்டினேன். நீ கையை விடாதவரை அவர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

நிஜமாகவே கேட்டார். வேறு எதுவும் பேச முடியாமல் போன பிறகும் அதைக் கேட்டார். கதவு அசைந்தால் கேட்பார், நர்ஸ் ஊசியோடு வந்தால் கேட்பார். "வந்துகிட்டே இருக்கான்பா, பாதி வழியில இருக்கான்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். நீ டிக்கெட்டே எடுக்கவில்லை என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடுவார். கடைசியில் கேட்டபோது நான் பதில் சொல்லி முடிக்கவில்லை, போய்விட்டார்.

நேற்று அம்மாவிடம் போனேன். வாசல் மேசைப் பெண் என் பெயரைப் பார்த்து உள்ளே விட்டாள். அம்மாவுக்குப் புது மூக்குக் கண்ணாடி வாங்கிப் போயிருந்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் வேலை பலித்தது, சந்தோஷப்படு. வெகு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் படுக்கையிலிருந்து பார்த்தால் கதவு வழியாகக் கூடத்துப் பலகை தெரியும்.

பலகையை யாரோ அணைத்துப் போட்டார்கள். உன் புண்ணியத்தில் எல்லா இடத்திலும் இப்போது அணைத்து அணைத்துத்தான் போடுகிறார்கள். வரி வந்தது. அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். அப்பா போன அந்த அறையில் அவளும் இருந்தாளே, அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீ அவரை எடுத்துட்டேன்னு சொன்னானே. எங்கடி எடுத்தே? இதோ நிக்கிறாரே."

"நான் எடுக்கலம்மா."

என்னைப் பார்த்தாள். பிறகு தாடையால் பலகையைக் காட்டினாள். "கேக்கிறாரு பாரு. பதில் சொல்லு."

எனக்குப் பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

"இல்லப்பா. அவன் வரமாட்டான்" என்றேன்.

அம்மா அழவில்லை. முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கச் சொன்னாள், வைத்தேன். அப்புறம், இல்லத்துக்கு வந்த இத்தனை காலத்தில் முதல் தடவையாக மணியை அழுத்தினாள். பலகையில் அவள் படுக்கை எண் வந்தது, அப்பாவின் வரி போய்விட்டது. ஓடி வந்த நர்ஸிடம், தன்னைப் பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மகன், மகள் என்றாள் நர்ஸ்.

"வராதவன் பேரு எதுக்கு அங்க இடத்தை அடைச்சுக்கிட்டு? எடுத்துடுங்க" என்றாள் அம்மா.

பெயர் கொடுக்கிறவர் பொறுப்பாளராக இருந்தாலும், உள்ளே இருக்கிறவர் ஒரு பெயரை வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவார்களாம், அதுவும் விதிதான். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. என் எதிரிலேயே எடுத்துவிட்டாள். இனி நீ வந்தாலும் மேசையைத் தாண்ட முடியாது.

தூக்கிப் போடுமுன் ஒரு வார்த்தை என்று அப்பா சொன்ன மரியாதை ஒன்று இருக்கிறது, அதை உனக்கும் தருகிறேன். அம்மாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் காகிதத்தில் எழுதி அனுப்பு, படித்துக் காட்டுகிறேன். ஒரே ஒரு வரி எழுது.

சின்னவள்